சோபாவில் சிந்திக் கிடந்த எள்

எங்கள் வீட்டு சோபாவில் எள் சிந்திக் கிடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மாமியார். சனிக்கிழமைதோறும் கோயிலில் எள் விளக்கு ஏற்றுகிறவர் அவர். வெள்ளிக்கிழமை இரவே கறுப்பு எள்ளைச் சிறு துணிகளில் முடிந்து வைத்துவிடுவார் என்பதால், எள் விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “சனி பகவானுக்குக் கறுப்பு எள்தானே, இந்த வெள்ளை எள்ளை யார் வாங்கி வந்தது?” என்று அவர் கேட்டபோது பழி என் மகள் மீது விழுந்தது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் அவள், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே எள் தூவிய பிஸ்கட் தின்பவள். அவள் தான் இல்லை என்று சாதித்தாள், நான் நம்பவில்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து, என் மடியில் படுத்திருந்த பூனை எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றபோது, அதன் வாலடியில் மயிரோடு ஒட்டியபடி அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைத் துணுக்கு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது, பிறகு சுருங்கியது. அது காய்ந்தால் எள்ளாகத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், அவள் அதை வலியுறுத்தியிருக்கிறாள்.

பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கக்கூடாது என்று 1989ஆம் ஆண்டிலிருந்து இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. வீவக வீடு ஒன்றில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று விதி வந்தபின், அதுவரை “சட்டம் ஒத்துக்கொள்ளாது” என்று மகளுக்குச் சொல்லிவந்த காரணம் என் கையைவிட்டுப் போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகளுக்கு அருகே வாழ்ந்துவந்த ஒரு வரிப்பூனையைப் பதினோராவது மாடிக்குக் கொண்டுவந்தோம். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. சிங்கப்பூர்த் தெருப்பூனைகள் பலவற்றைப் போல வால் பாதிதான் இருந்தது. பாதி வால் என்பதால் மகள் அதற்கு ‘வாலி’ என்று பெயர் வைத்தாள். பெட்டைப் பூனைக்கு வானர அரசன் பெயரா என்று என் மாமியார் இன்றளவும் முணுமுணுப்பதுண்டு. தினமும் மாலையில் வாலிக்குச் சோறு வைத்துவந்த பக்கத்து புளோக் மாச்சிக் (வயதான மலாய்ப் பெண்மணியை அப்படித்தான் அழைப்போம்), அதை எங்களிடம் ஒப்படைக்கும்போது, “முதலில் டாக்டரிடம் காட்டிவிடு” என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். சன்னல்களுக்கு வலை அடித்தோம், மணல் தட்டு வாங்கினோம், நகம் சொறியத் தூண் வாங்கினோம். பூனை நன்றாகச் சாப்பிடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரை மட்டும் தள்ளிப்போட்டோம். இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

வெள்ளைத் துணுக்கைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் நாடாப்புழு என்றார். அவர் சொன்னது சரி. உடல் எடைக்கு ஏற்ற பிராசிகுவாண்டல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அதுவும் சரியான மருந்துதான். மாத்திரை கொடுத்த இரண்டு நாளில் எள் நின்றுவிட்டது. செத்த புழு வெளியே வருமென்று மணல் தட்டைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அந்த மருந்து பட்டதும் புழு குடலுக்குள்ளேயே சிதைந்து செரித்துப்போய்விடும் என்பதால் பெரும்பாலும் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆனால் புழு பூனைக்குள் எப்படிப் போயிற்று என்ற கேள்வியை அன்று கடையில் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துச் சோபாவில் மறுபடி எள் கிடந்தது.

அந்த ஒரு மாதத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது; அதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. மகளுடைய கணுக்காலைச் சுற்றிச் சிறு சிவப்புத் தடிப்புகள் வர ஆரம்பித்தன. கொசுக்கடி என்று நினைத்தோம். டெங்கி பயம் இருக்கும் ஊர் இது என்பதால் பூச்சாடித் தட்டுகளையெல்லாம் கவிழ்த்துவைத்தோம், இரவில் கொசுச்சுருள் கொளுத்தினோம், பலதுறை மருந்தகத்தில் காட்டி அரிப்புக்குக் களிம்பு வாங்கினோம். கொசு கண்ட இடத்தில் கடிக்கும், கையில், கழுத்தில், முகத்தில். இந்தக் கடிகளோ முழங்காலுக்குக் கீழே மட்டும், அதுவும் அடுத்தடுத்து மூன்று மூன்றாக, யாரோ புள்ளி வைத்ததுபோல இருந்தன. தரையிலிருந்து தாவுகிற பூச்சிக்கு எட்டுகிற உயரம் அவ்வளவுதான் என்று யோசித்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

விளங்கவைத்தது 2025ஆம் ஆண்டின் போகி. சிங்கப்பூரில் பழையதைக் கொளுத்த முடியாவிட்டாலும், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் நகர்த்தித் துடைப்பதில் என் மாமியார் எந்தக் குறையும் வைப்பதில்லை. சோபாவை நகர்த்தி, அதனடியில் கிடந்த சிறிய கம்பளத்தை அவர் தூக்கியபோது, வாலி பகலில் சுருண்டு படுக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரையில் உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து கொட்டியதுபோல் ஒரு படலம் இருந்தது. நான் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்து அந்தக் கறுப்புத் துகள்கள்மேல் ஒற்றியெடுத்தேன். அரை நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் கசிந்தது. வெறும் தூசியாக இருந்தால் அப்படிக் கசியாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய பூனையின் இரத்தம். உப்புபோல் கிடந்தவை அதன் முட்டைகள். பூனை வளர்ப்பவர்கள் ஒரே ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால் இந்த ஈரத்தாள் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெள்ளைக்கூட நேரில் பார்க்காமலே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ஊர்கிற தெள்ளுகளில் பெரும்பாலானவற்றைப் பல்லால் பிடித்து விழுங்கிவிடும் என்பதால், உடம்பில் ஒன்றும் காணோமே என்று நாம் ஏமாந்துவிடுவது எளிது.

அந்த விழுங்குதலில்தான் சோபாவில் கிடந்த எள்ளுக்கான விடையும் இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் ஒருவழியாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். பூனையின் வாலடியிலிருந்து உதிரும் நாடாப்புழுத் துண்டு ஒவ்வொன்றிலும் முட்டைகள் இருக்கின்றன. தரையில் வாழும் தெள்ளின் புழுப்பருவம் அந்த முட்டைகளைத் தின்கிறது. அது வளர்ந்து முழுத் தெள்ளாகிப் பூனைமேல் ஏறுகிறது. பூனை நக்கும்போது அந்தத் தெள்ளை விழுங்குகிறது. தெள்ளு வயிற்றில் செரிக்க, உள்ளே காத்திருந்த நாடாப்புழு குடலில் தலையை ஊன்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் துண்டுகள் உதிரத் தொடங்குகின்றன. ஒரு பூனையின் மலத்தை இன்னொரு பூனை தின்றாலும் இந்த வகை நாடாப்புழு நேரடியாகத் தொற்றாது. இடையில் தெள்ளு வேண்டும். ஆக, நான் இரண்டு நோய்கள் என்று நினைத்து, ஒன்றுக்கு மாத்திரையும் மற்றொன்றுக்குக் கொசுச்சுருளும் வாங்கிக்கொண்டிருந்தவை ஒரே நோயின் இரு முனைகள். மாத்திரை குடலில் இருந்த புழுவைக் கொன்றது. வாலி அன்று மாலையே அடுத்த தெள்ளை விழுங்கியிருக்கும்.

மருத்துவர் சொன்ன மற்றொரு கணக்குதான் என்னை உட்காரவைத்தது. ஒரு வீட்டில் தெள்ளுத் தொல்லை இருந்தால், பூனையின் உடம்பில் இருக்கும் முழு வளர்ச்சியடைந்த தெள்ளுகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காடு, முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் மெத்தையிலும் சோபா இடுக்கிலும் இருக்கின்றன. பெண் தெள்ளு முதல் முறை இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடுகிறது. பேன் முட்டையைப் போல அவை மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. வழவழப்பான முட்டைகள், பூனை எங்கெல்லாம் நடந்து படுக்கிறதோ அங்கெல்லாம் உதிர்கின்றன. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும் புழுக்கள் கம்பளத்தின் அடிக்கும் இடுக்குகளுக்கும் போய், மேலிருந்து உதிரும் அந்த இரத்த எச்சத்தைத் தின்று வளர்கின்றன. குளிர்காலம் உள்ள நாடுகளில் ஆண்டுக்குச் சில மாதமாவது இந்தச் சுழற்சி தளரும். ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் இருக்கும் நம் ஊரில், முட்டையிலிருந்து முழுத் தெள்ளு வருவதற்கு மூன்று நான்கு வாரம் போதும், ஓய்வு என்பதே அதற்குக் கிடையாது. பதினோராவது மாடியில், வெளியே போகாத பூனைக்கு எப்படி வந்தது என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. கீழ்த்தளத்திலிருந்து வாலியே கொண்டுவந்தது. ஒன்றிரண்டு வந்தால் போதும், மற்றதை எங்கள் கம்பளம் பார்த்துக்கொண்டது.

சிகிச்சையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், மருத்துவரிடம் போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். போகியன்று தெள்ளு என்று தெரிந்ததும், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் பெரியம்மா பூண்டை அரைத்துச் சோற்றில் கலக்கச் சொன்னார். நாய் வளர்க்கும் என் கணவரின் நண்பர், தன் நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் பாதி மிச்சமிருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் மாமியார் யாரிடமும் சொல்லாமல், பூசைக் கற்பூரத்தைப் பொடித்துச் சூடான தேங்காய் எண்ணெயில் கரைத்து, வாலியின் கழுத்திலும் முதுகிலும் நன்றாகத் தேய்த்துவிட்டார். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் பிள்ளைகளின் தலைப்பேனுக்குச் செய்த அதே வைத்தியம். கால் மணி நேரத்தில் வாலியின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. தலையை உதறிக்கொண்டே குளியலறைக் கதவின் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. கால்நடை மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தபோது, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து எண்ணெய் முழுவதும் போகும்வரை உடனே கழுவுங்கள், நடுக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரண்டு முறை கழுவினோம். என் முன்கையில் அன்று விழுந்த நகக்கீறல் இப்போதும் தெரிகிறது. நடுக்கம் வரவில்லை. என் மாமியார் அன்றிரவு சாப்பிடவில்லை.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஏனென்றால் நானும் அந்த நாய் மருந்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவைத்திருந்தேன். மறுநாள் மருத்துவர் அதன் அட்டைப்பெட்டியைப் படத்தில் பார்த்துவிட்டு, நல்லவேளை என்றார். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயின் ஈரலும் மனிதனின் ஈரலும் எளிதாக உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. அதற்கு வேண்டிய நொதி அதனிடம் மிகக் குறைவு. அதனால்தான் பெர்மெத்ரினும், இயற்கையானது என்று நாம் நம்பும் தேயிலை மர எண்ணெயும், கற்பூரமும் பூனைக்கு ஆகாதவையாகின்றன. பூண்டும் வெங்காயமும் வேறு வழியில் கெடுக்கின்றன. பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். பூனை தன் உடம்பில் படும் எதையும் நக்கி உள்ளே அனுப்பிவிடும் என்பதை மறக்காமல் இருந்தால், மேலுக்குப் பூசுவதும் உள்ளுக்குக் கொடுப்பதும் அதன் விஷயத்தில் ஒன்றுதான் என்பது புரியும்.

முதல் நாள் மருத்துவர் செய்தவை மூன்று. வாலியின் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பார்த்தார். தெள்ளு அதிகமானால் இரத்தம் குறைந்து ஈறு வெளுத்துவிடும், சின்னக் குட்டிகள் இதனாலேயே இறந்துபோவதுண்டு. வாலிக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. எடை பார்த்தார், 2.9 கிலோ. பிறகு நான் ஒரு சிறிய டப்பாவில் கொண்டுபோயிருந்த அன்றைய மலத்தைச் சோதித்தார். அதில் நாடாப்புழு முட்டை ஒன்றும் இல்லை. உருளைப்புழு முட்டைகள் இருந்தன. நாடாப்புழுவின் முட்டைகள் உதிர்ந்த துண்டுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் மலச் சோதனையில் பல நேரம் அகப்படாது என்றும், அதனால் சோதனை சுத்தமாக வந்தாலும் நீங்கள் கண்ணால் கண்ட துண்டுதான் சாட்சி என்றும் அவர் சொன்னார். உருளைப்புழுவுக்குத் தெள்ளு தேவையில்லை. தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், பிறகு மண்ணிலிருந்தும், பிடித்துத் தின்னும் எலி, கரப்பான் போன்றவற்றிலிருந்தும் வரும். கடையில் நான் வாங்கிய மாத்திரை நாடாப்புழுவுக்கு மட்டுமானது என்பதால், இரண்டாவது வகை அத்தனை நாளும் உள்ளே நிம்மதியாக இருந்திருக்கிறது. எந்தப் புழு என்று தெரியாமல் ‘பூச்சி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான்.

பல்லியைப் பற்றியும் அவர் கேட்டார். வாலி பல்லி பிடிக்குமா என்றார். பல்லி சொல்லுக்கும் பல்லி விழும் இடத்துக்கும் பலன் பார்க்கும் என் மாமியார் இருக்கும் வீட்டில், வாலி அதுவரை குறைந்தது நான்கு பல்லிகளைத் தின்றிருந்தது. நம்முடையது போன்ற வெப்பநாடுகளில், பல்லியைத் தின்னும் பூனையின் பித்தக்குழாயில் குடியேறும் ஒரு தட்டைப்புழு உண்டு என்றும், கண்ணும் ஈறும் மஞ்சளித்தால், சாப்பாட்டில் விருப்பம் குறைந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு வழக்கமான அளவு மருந்து போதாது.

மாத்திரை கொடுக்கும் கலையை மருத்துவமனைத் தாதி கற்றுக்கொடுத்தார். பழைய துண்டைத் தரையில் விரித்து, பூனையை நடுவில் வைத்து, முன்கால்கள் வெளியே வராதபடி இறுகச் சுற்றி, முதுகு நம் வயிற்றோடு ஒட்டும்படி மண்டியிட்டு உட்கார வேண்டும். இடது கையால் தலையைக் கன்ன எலும்புகளில் பிடித்து மூக்கை மேலே உயர்த்தினால் கீழ்த்தாடை தானாகச் சற்றுத் திறக்கும். மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில், நடுவில் போட வேண்டும்; முன்னால் போட்டால் துப்பிவிடும். உடனே ஊசியில்லாத ஊசிக்குழாயால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இறங்கும். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பொருள். பிராசிகுவாண்டல் கடும் கசப்பு; மாத்திரை வாயில் உடைந்தால் நுரை தள்ளும். முதல் முறை வாலிக்கு நுரை தள்ளியபோது, கற்பூரத்தன்று கண்டதை நினைத்து நான் அழுதேவிட்டேன். அது கசப்புக்காக வந்த வெறும் எச்சில்.

தெள்ளுக்குக் கிடைத்தது, பூனைகளுக்கென்றே உள்ள சொட்டு மருந்து. கழுத்தின் பின்புறம், மண்டையோட்டின் அடியில், நாக்கு எட்டாத இடத்தில் மயிரை இரண்டாக வகிர்ந்து, தோல் வெளுப்பாகத் தெரிந்தபின் குழாயின் நுனியைத் தோலில் வைத்து அமுக்க வேண்டும். மயிரின் மேல் விட்டால் பாதி மருந்து வீண். இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக்கூடாது. மாதம் ஒரு முறை, தேதி தவறாமல். இதெல்லாம் 5 விழுக்காட்டுக்கான வேலை. மீதி 95 விழுக்காட்டுக்கான வேலை எங்களுடையது.

வேலை இப்படி நடந்தது. போகியன்று தூக்கிய கம்பளத்தைத் திரும்ப விரிக்கவேயில்லை, கட்டித் தூக்கி எறிந்தோம். முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், சோபாவின் இடுக்கு, கட்டிலடி, சுவரோரம், பூசை அலமாரியின் கீழ் என்று தூசி உறிஞ்சியால் உறிஞ்சினேன். உறிஞ்சிய தூசியை அப்போதே நெகிழிப்பையில் கொட்டி இறுகக் கட்டி, சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிட வேண்டும். உறிஞ்சிக்குள்ளேயே விட்டால் அங்கே வளர்ந்து வெளியே வந்துவிடும். வாலி படுக்கும் துணிகளையும் சோபா உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி நீரில் துவைக்கச் சொன்னார்கள். எங்கள் சலவை இயந்திரம் குளிர்ந்த நீர் மட்டுமே எடுக்கும் பழைய இயந்திரம் என்பதால், வாளியில் கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, அதன்பின் இயந்திரத்தில் போட்டு, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் நல்ல வெயிலில் உலர்த்தினேன். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தெள்ளின் புழுக்கள் காய்ந்து செத்துவிடும் என்பதால், மழை விடாத சனவரி நாள்களில் கூடத்தின் குளிர்சாதனத்தை ஈரம் உறிஞ்சும் முறையில் சில மணி நேரம் ஓடவிட்டோம். அது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, மின்கட்டணம் ஏறியதை மட்டும் சொல்ல முடியும்.

இரவு எட்டு மணிக்குப் பேன் சீப்பால் வாலியைச் சீவுவது மகளின் வேலை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். சீப்பில் வரும் தெள்ளை நகத்தில் நசுக்க முயன்றால் நழுவித் தாவிவிடும்; பக்கவாட்டில் தட்டையான, வழுக்கும் உடம்பு அதற்கு. சோப்புத் தண்ணீரில் முக்கினால் மிதக்காமல் அமிழ்ந்துவிடும். ஒவ்வோர் இரவும் எத்தனை என்று சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவந்தாள். சொட்டு மருந்து விட்டதற்கு முன் இரவு 23. ஒரு வாரத்தில் 4. பத்தாம் நாள் ஒன்றுமில்லை, அவள் பூச்சியம் போட்டு அதற்குக் கண்ணும் வாயும் வரைந்துவைத்தாள். பத்தொன்பதாம் நாள் 11.

அந்தப் பதினொன்றைக் கண்டபோது மருந்து போலி என்று தோன்றியது. என் கணவர் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு வீடு முழுவதும் புகையடிக்க வேண்டும் என்றார். மருத்துவர்தான் தடுத்தார். கூட்டுப்புழுப் பருவத்தில் தெள்ளு தன்னைச் சுற்றி ஒட்டும் பட்டுக்கூடு கட்டி, அதன்மேல் தூசியை அப்பிக்கொள்கிறது. எந்தப் பூச்சிமருந்தும் அதற்குள் சரியாக இறங்குவதில்லை. அப்படியே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். அருகில் நடமாட்டத்தின் அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று இவை பட்டதும் கூட்டைவிட்டுத் துள்ளி வெளியே வரும். பழைய கூடுகளிலிருந்து புதிதாக வந்தவைதான் அந்தப் பதினொன்றும். மருந்திட்ட பூனையின் மேல் ஏறியதால் அவையும் முட்டையிடாமல் சாகப்போகின்றன, தூசி உறிஞ்சியின் அதிர்வு அவற்றை விரைவில் வெளியே வரவழைப்பதும் நல்லதற்குத்தான், மூன்று மாதம் பொறுங்கள் என்றார். நான் கேள்விப்பட்ட வரையில் பெரும்பாலோர் கைவிடுவது இந்த மூன்றாவது வாரத்தில்தான். மருந்தை மாற்றுகிறார்கள், அல்லது பூனையை மாற்றுகிறார்கள்.

பூனையை மாற்றும் பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது, வேறொரு காரணத்தால். பிப்ரவரியில் என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு எங்கள் வீட்டில் என்று முடிவாகியிருந்தது. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனை ஆகாது என்று உறவில் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அந்தப் பயம் முழுப் பொய்யல்ல. பூனையின் குடலில் பெருகும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி, கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியதுதான். ஆனால் பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது சில வாரங்கள் மட்டுமே அதை மலத்தில் வெளியேற்றுகிறது. வெளியேறிய உடனே அது தொற்றாது; தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் அள்ளிச் சுத்தம் செய்து கையைக் கழுவிவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. அரைவேக்காட்டு இறைச்சியும் சரியாகக் கழுவாத கீரையும் அதே நுண்ணுயிரியைக் கொண்டுவரும் வழிகள். நாத்தனார் தன் மகப்பேற்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். வளைகாப்பன்று வாலி அறைக்குள் இருந்தது, ஐந்து வகைச் சோறும் வளையலும் கூடத்தில் இருந்தன, யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. மணல் தட்டு அள்ளுவது அன்றுமுதல் என் கணவர் பொறுப்பு.

மகளுக்கு நாடாப்புழு வருமா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. தெள்ளைத் தவறுதலாக விழுங்கும் சிறு குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவதுண்டாம். பூனையை முத்தமிடும் வயதுக் குழந்தைகள். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, முத்தமிடுவதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. சீவி முடித்ததும் கை கழுவுவதை மட்டும் விடாமல் பழக்கிவிட்டேன்.

மார்ச்சு முதல் வாரத்துக்குப் பிறகு நாட்காட்டித் தாள்களில் பூச்சியங்களே இருந்தன. அதை நம்பாமல், மகளுடைய பள்ளிச் சீருடையின் நீண்ட வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை சோபாவைச் சுற்றியும் கட்டிலடியிலும் நடந்து பார்ப்பேன். கறுப்பாக ஏதாவது தாவி ஒட்டினால் வெள்ளையில் உடனே தெரிந்துவிடும். ஏப்ரல் இறுதியில், தெள்ளு ஒழிந்தது உறுதியானபின், நாடாப்புழுவுக்கான மாத்திரையை இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார் மருத்துவர். உருளைப்புழுவுக்கான இரண்டாவது தவணை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அந்த முறை வாலியின் எடை 3.4 கிலோ. மைக்ரோசிப்பும் அன்றே போட்டாயிற்று. நான்கு மாதத்தில் மருத்துவமனைக்கும் மருந்துக்கும் ஆன செலவு ஐந்நூறு வெள்ளியைத் தாண்டியது. நவம்பரிலேயே மாச்சிக்கின் பேச்சைக் கேட்டிருந்தால் முதல் பரிசோதனையோடும் ஒரு குழாய்ச் சொட்டு மருந்தோடும் போயிருக்கும்.

சொட்டு மருந்து இப்போதும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் நடக்கிறது. என் மாமியார்தான் வாலியைப் பிடித்துக்கொள்கிறார், மயிரை வகிர்வதும் அவரே. அந்தக் கற்பூர நாளுக்குப் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் அதன் பக்கம் போனதில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் சோபாவில் உட்கார்ந்து எள் முடிச்சுக் கட்டும்போது ஏதாவது ஒரு மணி கீழே விழுந்தால், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறி முகர்ந்தும் பார்க்கிறார். போன வாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு எள்தான்.